கப்பலோர் கூட்டும் சரக்கேற்றுவோர் ஒற்றுமையும்

கடலாற் சூழப்பட்ட நாட்டினர்க்குக் கடல் மதிலுமாகும், வாயிலுமாகும். அவ்வாயிலின் வழியே வெளிச்செல்லும் பண்டம் யாதாயினும் ஒரு விலை கொடுத்தே செல்லல் வேண்டும். அவ்விலையே கப்பற் கூலி. நம் முன்னோர் அதனைக் கேள்வு என வழங்கினர். தோட்டத்திற் கொழுந்து பறிப்பவளின் கூலியும் தூரதேசத்திற் தேநீர் அருந்துவோன் கொடுக்கும் காசும் இக்கேள்வினாற் கூடவும் குறையவும் காண்கின்றோம். எனினும், வணிக வரலாற்றை எழுதினோர் கப்பலையும் கப்பற்றலைவனையும் பாடிய அளவுக்குக் கப்பலிற் சரக்கேற்றியவனைப் பற்றிக் கூறினாரல்லர். கப்பற் கம்பனிகள் ஒன்றுகூடிக் கேள்வை நிருணயித்த காலத்தில், சரக்கேற்றுவோர் தாமும் ஒன்றுகூடி, நாட்டெல்லைகளையுங் கடந்து, தம் குரலைக் கேட்கச்செய்ய முயன்ற வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலிற் செல்லும் வாணிகக் கப்பல்கள் இருவகைப்படும். சரக்குக் கிடைக்கும் துறைமுகத்தைத் தேடி அலைவன நாடோடிக் கப்பல்கள். குறித்த துறைகளுக்கிடையே, குறித்த நாளில், சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்படுவன முறைவழிக் கப்பல்கள். நிலக்கரி, தானியம் முதலியவற்றை நாடோடிக் கப்பல்கள் சுமந்தன. அவற்றின் கேள்வு சந்தையில் அன்றன்று தீர்மானிக்கப்பட்டது. தேயிலை, துணி, இயந்திரம் முதலிய விலையுயர்ந்த பண்டங்கள் முறைவழிக் கப்பல்களை நம்பியிருந்தன. 1869ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. கீழைத்தேசத்துக்கு ஓடும் கப்பல்களின் தொகை சரக்கின் அளவை விஞ்சவே, கேள்வு வீழ்ச்சியடைந்தது. தம்முட் போட்டியிட்டு அழிவதினும் கூடி வாழ்தல் நன்றெனக் கம்பனிகள் துணிந்தன.

அத்துணிவின் பயனாக 1875ஆம் ஆண்டில் எழுந்ததே கல்கத்தாக் கூட்டு. பிரித்தானியத் துறைகளுக்கும் கல்கத்தாவுக்குமிடையிற் கப்பலோட்டிய கம்பனிகள் ஒரே கேள்வை வாங்குவதென உடன்பட்டன. 1879ஆம் ஆண்டிற் சீன வழிக்கும் இத்தகைய கூட்டு அமைந்தது; அதனை அமைப்பதில் முன்னின்றவர் ஜோன் சாமுவேல் சுவையர் என்பவர். ஆங்கிலேயர் இவற்றைக் ‘கொன்பரன்ஸ்’ என்றனர். யாம் ஈண்டுக் கப்பலோர் கூட்டு என்போம்.

விலையை ஒன்றாக்குதல் எளிது. வெளியார் ஒருவர் குறைந்த கேள்வுடன் வந்தால் வணிகர் அவரிடஞ் செல்லாது தடுத்தல் அரிது. அதற்கெனக் கண்ட கருவியே தாமதக் கழிவு. 1877ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்குச் செல்லும் துணிச் சரக்கில் இம்முறை தொடங்கிற்று. அது தொழிற்பட்ட விதம் வருமாறு: வணிகன் சனவரி முதல் யூன் வரை கூட்டின் கப்பல்களிலேயே சரக்கேற்றினால், அவன் கொடுத்த கேள்வில் நூற்றுக்குப் பத்து அவன் கணக்கிற் கழிவாக எழுதப்படும். ஆயின், அது யூனிற் கைக்கு வாராது. யூலை முதல் திசெம்பர் வரையும் அவன் விசுவாசமாக இருந்தால் மாத்திரமே முதல் ஆறு மாதத்துக் கழிவு கொடுக்கப்படும். நவம்பரில் ஒரேயொரு பொதியை வெளியாரின் கப்பலில் ஏற்றினும் இரு தவணைக் கழிவும் பறிபோகும். வணிகனின் சொந்தப் பணமே அவனைக் கட்டும் கயிறாயிற்று. எந்நாளிற் பார்ப்பினும் அவன் பணத்தின் ஒரு பகுதி கூட்டின் கையிற் பிணையாக இருந்தது.

இம்முறை நீதியானதா என்னும் வினா விரைவில் நீதிமன்றம் ஏறிற்று. 1885ஆம் ஆண்டில் மோகல் நீராவிக்கப்பற் கம்பனியார் சீனத்து ஹாங்கௌ துறைக்குத் தேயிலை ஏற்றத் தம் கப்பல்களை அனுப்பினர். கூட்டினர் தம் கேள்வை நட்டம் வருமளவுக்குத் தாழ்த்தி, மோகல் கப்பலிற் சரக்கேற்றுவோர்க்குக் கழிவு இல்லையென அறிவித்து, அவர்களைத் துரத்தினர். வழக்கு படிப்படியாகச் சென்று 1891ஆம் ஆண்டின் இறுதியிற் பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. கூட்டினர் தம் வாணிகத்தைக் காத்தற்பொருட்டுச் செய்த செயல் சட்டத்துக்கு மாறானதன்று என்பதே தீர்ப்பு. இங்கிலாந்தின் சட்டம் கப்பலோர் ஒற்றுமையை ஏற்றுக்கொண்டது. இனிச் சரக்கேற்றுவோர்க்கு நீதிமன்றம் துணையாகாது என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் சரக்கேற்றுவோரும் ஏன் உடனே ஒன்றுகூடவில்லை? இவ்வினா இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும். தாமதக் கழிவின் பிணிப்பு ஒரு காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. இடைத்தரகு வணிகனுக்குக் கேள்வு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பெரிதன்று. தன் போட்டியாளனும் அதே கேள்வைக் கொடுக்கின்றானா என்பதே பெரிது. எல்லோர்க்கும் ஒரே கேள்வாயின், அச்சுமையைக் கொள்வோன்மேலோ விளைப்போன்மேலோ இறக்கிவைக்க அவனால் இயலும். ஆகவே விளைப்போன் குறைந்த கேள்வை விரும்ப, வணிகன் சமமான, நிலையான கேள்வோடு அமைதி கொண்டான். சிலர் சமத்துவத்தையும் விரும்பவில்லை. 1897ஆம் ஆண்டில் மலாயா, சிங்கப்பூர்த் துறைகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்குக்கென அமைந்த கூட்டு, எல்லோர்க்கும் அளித்த கழிவுக்கு மேலாகப் பெரிய வணிக நிறுவனங்கள் சிலவற்றுக்கு மறைவாக வேறொரு கழிவும் அளித்தது. அந்நிறுவனங்கள் கூட்டினை எதிர்ப்பதெங்ஙனம்? சிறு வணிகரின் முறைப்பாட்டின்மேல் அக்குடியேற்ற அரசாங்கம் 1910இல் ஒரு சட்டம் இயற்றியும் சிறிது காலத்துள் அதனைக் கைவிட நேர்ந்தது. சரக்கேற்றுவோர் என்னும் ஒரு பெயருக்குள் பல நலன்கள் மறைந்துகிடந்தன என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நிற்க. தென்னாபிரிக்க வணிகரின் முறைப்பாடுகள் மிகவே, பிரித்தானிய அரசாங்கம் 1906ஆம் ஆண்டிற் கப்பற் கூட்டுக்களை ஆராய ஓர் அரச ஆணைக்குழுவை நியமித்தது. 1909இல் வெளிவந்த அதன் அறிக்கை இத்துறையில் ஒரு மைல்கல். ஆணையாளர் ஒருமனப்பட்டாரல்லர். ஒழுங்கான கப்பற்சேவை வேண்டுமாயிற் கூட்டும் கழிவும் பல வழிகளில் இன்றியமையாதன என்றனர் பெரும்பான்மையோர். அதனாற் பிறக்கும் தீமைக்கு அவர் கூறிய மருந்தே நாம் கருதற்பாலது: கூட்டின் வலிமைக்கு எதிர்வலிமையாகச் சரக்கேற்றுவோரும் சங்கங்கள் அமைத்துப் பேரம்பேசல் வேண்டும் என்றனர். சிறுபான்மையோரோ, அரசாங்கத்தின் மேற்பார்வை இன்னும் இறுக்கமாதல் வேண்டும் என்றனர். பேச்சா, சட்டமா என்னும் இவ்விரு நெறிகளே பின்வந்த நூறாண்டு முழுவதும் மாறிமாறித் தோன்றுகின்றன.

சட்ட நெறியைத் தென்னாபிரிக்கா கைக்கொண்டது. தாமதக் கழிவு வழங்கும் கம்பனிக்குத் தபால் ஒப்பந்தம் அளிக்கப்படாது என அந்நாடு 1911இற் சட்டஞ்செய்தது; அவ்வழியிற் கழிவுமுறை ஒழிந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் காங்கிரசின் குழுவொன்று நெடிது விசாரித்ததன் பயனாக 1916ஆம் ஆண்டுக் கப்பற்சட்டம் பிறந்தது. அது தாமதக் கழிவைத் தடைசெய்தது; கூட்டு உடன்படிக்கைகளை அரச சபையொன்றிற் பதிவுசெய்து ஒப்புதல் பெறுமாறும் பணித்தது.

பேச்சு நெறி பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வளர்ந்தது. சேர் ஹல்போட் மக்கின்டரைத் தலைவராகக் கொண்டு 1920இல் நிறுவப்பட்ட பேரரசுக் கப்பற்குழு, தாமதக் கழிவுக்குப் பதிலாக இருசாராரும் எழுத்து மூலம் ஒப்பந்தஞ் செய்யும் முறையையும் சரக்கேற்றுவோர் தெரிந்துகொள்ள இடமளித்தல் வேண்டும் என்றது. அதற்குச் சரக்கேற்றுவோர் சங்கங்கள் தேவை என்பதையும் வற்புறுத்திற்று. 1929இல் அவுஸ்திரேலியாவிற் கப்பலோரும் ஏற்றுமதியாளரும் ஒரே மேசையிலிருந்து பேசும் சங்கமொன்று நிறுவப்பட்டது. ஆயினும் இவையெல்லாம் ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள் அடங்கிய முயற்சிகள். கூட்டோ பல நாட்டுக் கம்பனிகளைத் தன்னுட்கொண்டது. ஒரு கரையில் மட்டும் நின்று கடலை அளக்கமுடியுமா?

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இக்குறை உணரப்பட்டது. 1955ஆம் ஆண்டிற் பிரித்தானியச் சரக்கேற்றுவோர் சபை தோன்றியது. மேற்கைரோப்பிய நாடுகளின் சபைகள் தம்முட் கூடத் தொடங்கின. 1961இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட கூட்டரசுக் கடல்வாணிக ஆணைக்குழு, அமெரிக்க வழியில் ஓடும் ஐரோப்பியக் கப்பல்களின் கணக்கேடுகளையும் கேட்கலாயிற்று. ஒழுங்கு தம்முள்ளே நிலவுவதாகக் காட்டாவிடில் வேற்று நாட்டின் சட்டம் தம்மேல் வந்துவிழும் என ஐரோப்பிய அரசாங்கங்களும் கப்பலோரும் அஞ்சினர். 1963இல் ஐரோப்பிய அமைச்சர்கள் இருதரப்பாரும் கலந்துபேசும் முறையொன்றை வேண்டினர். அவ்வாண்டிலேயே ஐரோப்பியக் கப்பலோரும் ஐரோப்பியச் சரக்கேற்றுவோர் சபைகளும் ஓர் உடன்பாட்டுக் குறிப்பை ஏற்றுக்கொண்டனர். கேள்வைப் பொதுவாக உயர்த்துமுன் அறிவித்தலும், காரணங் கூறலும், பிணக்கு நேரின் ஆராய்தலும் அதன் சாரம். பல நாட்டுச் சரக்கேற்றுவோர் ஒரே குரலிற் பேசி, கப்பலோரும் அக்குரலை முறைப்படி ஏற்றமை பெரும் முன்னேற்றமேயாம். ஆயினும் அவர் பெற்றது கேட்கப்படும் உரிமை. முடிவுசெய்யும் உரிமை கூட்டிடமே இருந்தது.

ஐரோப்பியர்க்கு இவ்வுரிமையேனும் கிடைத்தது. ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் நிலை என்ன? அவற்றின் ஏற்றுமதிக்குரிய கேள்வு பெரும்பாலும் இலண்டன் முதலிய தூரநகரங்களில் தீர்மானிக்கப்பட்டது. கொழும்பிற் பகிரங்கத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று; ஆயினும் அத்தேயிலையைச் சுமக்கும் கப்பலின் கேள்வைப் பேசும் மேசை கொழும்பில் இருக்கவில்லை. கொழும்புத் துறையிற் கப்பலேற்றிய விலைக்கு விற்றால் கேள்வு வெளிநாட்டுக் கொள்வனவாளனைச் சேரும்; ஆதலின் அது நம் கவலையன்று என்பாருமுளர். இது மேற்போக்கான கூற்று. ஒரே வகைப் பண்டத்தைப் பல நாடுகள் விற்குமிடத்துக் கொள்வோன் கூடிய விலை கொடான். கேள்வு உயர்ந்தால் ஏலத்தில் அவன் கேட்கும் விலையை அந்த அளவுக்குத் தாழ்த்துவான். சீட்டில் எவர் பெயரில் எழுதப்படினும், சுமையின் பெரும்பங்கு விளைப்போன் தோளிலேயே இறங்கும்.

1964ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டில் இக்குறை உலக அரங்கேறியது. அதன் முதற் செயலாளர் நாயகம் ஆர்ஜன்ரீனப் பொருளியலறிஞர் ராவுல் பிரேபிஷ். கப்பலோர் கூட்டுக்கும் சரக்கேற்றுவோர்க்குமிடையே ஒழுங்கான கலந்தாலோசனை அமைப்புக்கள் நிறுவப்படல் வேண்டும் என்னும் பொதுக்கருத்து அம்மாநாட்டில் ஏற்கப்பட்டது. 1965இற் கப்பற்றுறைக்கென நிரந்தரக் குழு ஒன்றும் அமைந்தது. ஆசிய நாடுகளிற் சரக்கேற்றுவோர் சபைகள் இதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1966ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் சபை அமைந்தமை நாம் பெருமையுறத்தக்கது.

கலந்தாலோசனையோடு அமையாது சட்டமும் வேண்டும் என வளர்முக நாடுகள் கோரின. அதன் விளைவாக 1974ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி ஜெனீவாவிற் கப்பலோர் கூட்டுக்களுக்கான நடத்தைக் கோவை நிறைவேறியது. ஆதரித்த நாடுகள் 72, எதிர்த்தன 7, வாக்களியாதிருந்தன 5. பிரித்தானியாவும் அமெரிக்க ஐக்கிய நாடும் எதிர்த்தோருள் அடங்கும். பொதுக் கேள்வுயர்வுக்குக் குறைந்தது 150 நாள் முன்னறிவித்தல் வேண்டும், சரக்கேற்றுவோர் அமைப்புக்களோடு கலந்துபேசல் வேண்டும், பிணக்குகளை இணக்கசபை முன் வைத்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. இலங்கை 1975இல் அதனை ஏற்றது. போதிய கப்பற்றொகையுடைய நாடுகள் இணையும்வரை அது நடைமுறைக்கு வாராது காத்திருந்து, 1983 ஒற்றோபர் 6ஆந் திகதியே வலுப்பெற்றது.

இக்கோவையைப் புகழுமுன் ஒன்றை ஊன்றி நோக்கல் வேண்டும். மக்கள் நாவில் நிலைபெற்றது இதன் கலந்தாலோசனை விதியன்று. 40, 40, 20 என்னும் பங்கீடே. இரு நாடுகளுக்கிடையிலான கூட்டுச் சரக்கில் அவ்விரு நாட்டுக் கப்பல்களுக்கும் சமபங்கும், பிற நாட்டுக் கப்பல்களுக்கு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் என்பது அதன் பொருள். இப்பங்கீட்டாற் பயன்பெறுவோர் யார்? கப்பலோரேயன்றோ! சொந்தக் கொடியுடன் கப்பலோட்டும் நாட்டின் அரசாங்கம், சரக்கேற்றுவோனின் காவலனாகவும் கப்பலுடையோனாகவும் ஒருங்கே நிற்க நேர்ந்தது. இலங்கையும் தன் கப்பற் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. சரக்குகளை ஒருமுகமாகப் பதிவுசெய்ய 1973இல் மத்திய கேள்வுப் பணியகத்தையும் அமைத்தது. நாட்டின் தன்மானத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் இவை பயன்பட்டன என்பதை மறுப்பார் இலர். ஆயினும் கப்பலுடையோன் உயர்ந்த கேள்வை விரும்புவான். விளைப்போன் தாழ்ந்த கேள்வை விரும்புவான். ஒரே கையில் இவ்விரு தராசுத்தட்டும் சமமாய் நிற்பது அரிது. சரக்கேற்றுவோரின் குறையிற் பிறந்த கோவை, கப்பலோரின் பங்கீடாக முடிந்தமை இவ்வரலாற்றிலுள்ள பெரும் முரண்பாடாகும்.

கோவை வலுப்பெறுமுன்னரே கடல்வாணிகத்தின் உருவமும் மாறிவிட்டது. 1956இல் அமெரிக்கக் கரையோரத்திலும் 1966இல் அத்திலாந்திக் கடலிலும் தொடங்கிய கொள்கலன் முறை உலகெங்கும் பரவியது. பெட்டிக்குள் யாதிருப்பினும் பெட்டி ஒன்றே. பண்டத்துக்குப் பண்டம் வேறுபட்ட பழைய கேள்வுப் பட்டியல் பொருளிழந்தது. கூட்டிற் சேராத வலிய கம்பனிகளும் எழுந்தன. அமெரிக்கா 1984ஆம், 1998ஆம் ஆண்டுச் சட்டங்களாற் சரக்கேற்றுவோனும் கம்பனியும் தனித்தனியே ஒப்பந்தஞ்செய்ய வழிதிறந்தது. ஐரோப்பாவிலோ 1986ஆம் ஆண்டுப் பிரமாணம் கூட்டுக்களுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்களித்திருந்தது. அவ்விலக்கினை நீக்குதலையே ஐரோப்பியச் சரக்கேற்றுவோர் சபை தன் இலட்சியமாகக் கொண்டு, முறைப்பாடுகள் வாயிலாகவும் வாதங்கள் வாயிலாகவும் பல்லாண்டுகள் உழைத்தது. 2006இல் விலக்கு இரத்தாயிற்று; 2008 ஒற்றோபர் 18ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 1879இற் சுவையர் காலத்திற் தோன்றிய சீன வழிக் கூட்டின் வழித்தோன்றலும் அத்துடன் முடிவெய்தியது. நூற்றிருபத்தொன்பது ஆண்டுப் பழமையான மரம், சரக்கேற்றுவோரின் இடைவிடாத முயற்சியாற் சாய்ந்ததென்றாற் பிழையாகாது.

இவ்வெற்றிக்குக் கண்டங்களைக் கடந்த ஒற்றுமையும் ஒரு காரணம். 1990களில் வட அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானியச் சரக்கேற்றுவோர் ஆண்டுதோறும் சந்தித்தனர்; அச்சந்திப்பு வளர்ந்து உலகச் சரக்கேற்றுவோர் பேரவையாகி, 2011இற் பிரித்தானியாவிற் சட்டமுறையாகப் பதிவாயிற்று. கேள்வொன்றே அதன் பேச்சன்று. கொள்கலன்களின் பொய்யான நிறைக்கணக்காற் கப்பல்கள் இடருறுவதைத் தடுக்கச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2014இற் புதிய விதி செய்தது. 2016 யூலை 1ஆந் திகதி முதல் நிறை உறுதிப்படுத்தப்படாத கொள்கலன் கப்பலேறலாகாது. நிரம்பிய கொள்கலனை அப்படியே நிறுத்தல் ஒரு வழி. உள்ளிடும் பண்டங்களை நிறுத்து வெறும் பெட்டியின் நிறையோடு கூட்டுதல் மற்றொரு வழி. பெரிய நிறைபாலம் இல்லாத ஊர்களிலுள்ளோர்க்கும் இயலுவதாகிய இவ்விரண்டாம் வழிக்கு இடம் கிடைத்தமை, விதி எழுதப்படும் இடத்திற் சரக்கேற்றுவோரும் இருந்தமையின் பயன். நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பிரமாணம், துறைமுகக் கையாளுகைக் கட்டணத்தைக் கேள்விலிருந்து பிரித்துத் தனியே அறவிடுதலைத் தடுத்தது. அது நம் சபையினர் நெடுநாள் வேண்டிநின்றதேயாம்.

எனினும் கதை இத்துடன் முடியவில்லை. கூட்டுக்கள் மறைந்த இடத்திற் கம்பனிகள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்தன. 2020களின் தொடக்கத்தில் உலகக் கொள்கலன் கப்பல்களின் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு பத்துக் கம்பனிகளின் கையில் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1000ஆக நின்ற ஷங்காய்க் கேள்வுச் சுட்டெண் 2022 சனவரியில் 5000ஐத் தாண்டியது. முன்னறிவித்தலுமில்லை, கலந்தாலோசனையுமில்லை, பேசுதற்குக் கூட்டுமில்லை! அமெரிக்கா 2022இற் புதிய கப்பற்சட்டம் இயற்றியது. கம்பனிகள் கப்பல்களைக் கூட்டாக ஓட்டுதற்கு ஐரோப்பா அளித்திருந்த தனிவிலக்கு 2024 ஏப்பிரலிற் காலாவதியாயிற்று. இவ்விரு செயல்களின் பின்னும் சரக்கேற்றுவோர் சங்கங்களின் முறையீடுகள் இருந்தன.

இவ்வரலாற்றால் யாம் அறிவன யாவை? கப்பலோர் ஒற்றுமை இயல்பாய் அமைவது. ஏனெனில் அவர் சிலர், அவர்தம் நலன் ஒன்று. சரக்கேற்றுவோர் ஒற்றுமை முயன்று பெறுவது. ஏனெனில் அவர் பலர், அவர்தம் நலன்கள் பலதிறத்தன. மறைவான கழிவுக்கு மயங்கிய பெருவணிகன் சிறுவணிகனைக் கைவிட்டபோதெல்லாம் இருவரும் ஈற்றில் நட்டமடைந்தனர். பேச்சு மாத்திரம் கேட்கும் செவியைப் பெற்றுத் தந்தது. சட்டம் மாத்திரம் எழுத்தாய்க் கிடந்தது. கணக்கறிந்த சங்கம் பேச்சையும் சட்டத்தையும் இரு கைகளாகக் கொண்ட இடத்திலேயே பயன் விளைந்தது.

சிறு நாடொன்றுக்குப் பெருங்கப்பற்படை வாய்த்தல் அரிது. ஆயின், தன் பண்டத்தின் கேள்வு எங்ஙனம் கணிக்கப்படுகின்றது, யார் கணிக்கின்றனர், எம்மேசையிற் கணிக்கின்றனர் என்பவற்றை அறிந்த இளைஞர் சிலரை உருவாக்குதல் எந்நாட்டுக்கும் அரிதன்று. துறைமுகத்தில் நின்று கப்பலின் அழகை வியக்கும் நம் மாணவர், அதன் வயிற்றிற் செல்லும் பொதியின் கணக்கையும் கேட்கக் கற்பாராயின், அம்மேசையில் நமக்கும் ஓரிருக்கை உண்டாகும்.